ஸ்வரம் எழுதும் செயலிக்குப் புதுப்பெயர்: கேள்வி பதில்

சுருதி, தாளம், ஸ்வரக் குறிப்பு மூன்றும் தரும் நம் கட்டற்ற மென்பொருளின் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியோடு மோதுகிறது, மாற்றுவது முடிவாகிவிட்டது. குழுவினர் கேட்டதையெல்லாம் அவரவர் ஊர்ப்பெயரோடு தந்திருக்கிறேன். இந்தக் குழுவிலேயே பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் என்று இரண்டு ஊர் உண்டு, ஆகவே பெயர் மோதலை விளக்க வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை: ஜிபிஎல் உரிமம்தானே அண்ணா, பெயரை ஏன் விடணும்?

ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமம் நிரலை எடுத்து மாற்றிப் பகிர்வதற்கான அனுமதி. பெயர் வணிகக்குறிச் சட்டத்தில் வரும். ஈதீரியல் என்ற வலைப்பின்னல் ஆய்வு மென்பொருளை எழுதியவர் 2006இல் வேலை மாறியபோது பெயர் பழைய நிறுவனத்திடமே நின்றுபோனது. நிரலோடு கிளம்பி வயர்ஷார்க் என்று வைத்தார். கேம் (Gaim) என்ற அரட்டை மென்பொருள் 2007இல் பிட்ஜின் ஆனதும் வணிகக்குறித் தகராறால்தான்.

சித்தூர் (ஆந்திரா): 'யாழ்' எப்படி?

அழகான பெயர், ஆனால் ழகரம் இடிக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். மலையாளிக்குச் சிக்கலில்லை, தெலுங்கில் இன்று அந்த ஒலியே இல்லை. பெயரைப் போனில் ஒருமுறை சொல்லி ஐந்து பேரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று விதமாக வந்தால் விட்டுவிடுங்கள், தேடுகிறவருக்கு அகப்படாது.

நகரி: 'பாட்டுப்பட்டி'? இல்லேன்னா 'கொட்டு'?

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பாலக்காட்டில் வெளியீட்டு விழாவே சிரிப்பாகிவிடும். கொட்டு அங்கே மேளம்தான், ஆனால் உங்கள் ஊரில் தெலுங்குக்காரர் கடை என்று நினைப்பார்.

சித்தூர் (பாலக்காடு): வணிகக்குறியை எங்கே, எப்படித் தேடுவது?

இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் பொதுத் தேடலில், மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பில். இணையச் சேவையாகவும் தருவதென்றால் 42ஆம் வகுப்பையும் பாருங்கள். எழுத்தை மட்டும் தேடினால் போதாது, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைக் காட்டும் ஒலித் தேடலும் வேண்டும். ஒலி நெருங்கினாலே ஆட்சேபம் வரும். 'ராகம்', 'ஸ்வரம்' மாதிரிப் பொருளையே சொல்லும் சொற்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காப்பது கடினம். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். வணிகக்குறி இதழில் விண்ணப்பம் வெளியான பின் மற்றவர் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம். யார் பெயரில் பதிவது என்பதை முதலில் பேசி முடியுங்கள். ஒருவர் பெயரில் பதிந்து அவர் விலகினால் ஈதீரியல் கதைதான்.

குப்பம்: நிரலில் பழைய பெயரை எல்லா இடத்திலும் தேடி மாற்றிடலாமா?

கூடவே கூடாது, அதிகம் கெடுவது இங்கேதான். எல்வி2, விஎஸ்டி3 என்பவை நம் செயலியை வேறு இசை மென்பொருளுக்குள் செருகியாக ஓட்டும் வடிவங்கள். எல்வி2வின் யூஆர்ஐ (முகவரி போன்ற அடையாளம்), விஎஸ்டி3இன் அடையாள எண் இரண்டையும் தொடாதீர்கள். அந்த மென்பொருளில் சேமித்த பாட்டுக் கோப்பு செருகியை அந்த அடையாளத்தைக் கொண்டே தேடுகிறது. மாற்றினால் பழைய பாட்டைத் திறப்பவருக்குச் 'செருகி காணவில்லை' என்றுதான் வரும். திரையில் தெரியும் பெயரை மட்டும் மாற்றுங்கள். பழைய கோப்பு நீட்டிப்பும் திறக்கணும். புதுப்பெயர்ச் செயலியை முதல் முறை திறக்கும்போது பயனரின் அமைப்புகள் உள்ள கோப்புறையைப் புது இடத்துக்கு நகலெடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். முந்தைய பதிப்புக்குத் திரும்ப நினைப்பவருக்கு உதவும். டெபியன் லினக்ஸில் நிறுவும் பொதியின் பெயரில் பெரிய எழுத்தோ அடிக்கோடோ செல்லாது. புதுப் பொதியைச் சார்ந்த ஒரு வெற்றுப் பொதியைப் பழைய பெயரில் விட்டால் பழைய பயனர்களுக்கும் புதுப்பிப்பு போய்ச் சேரும்.

கொழிஞ்சாம்பாறை: கிட்ஹப்பில் பழைய இணைப்பு?

நிரல் இருக்கும் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் கிட்ஹப் தளம் பழைய இணைப்பைத் தானே திருப்பிவிடும், அதே பெயரில் வேறொன்றைத் திறக்காத வரை. குழுக்கணக்கின் பெயரையே மாற்றினால் பழையது காலியாகி யாரும் எடுத்துக்கொள்ளலாம். மாற்றியதும் அதை நாமே எடுத்துக்கொள்ளணும்.

நகரி: லோகோ போட்டி எப்போ?

ஒலித் தேடல் முடிந்த பிறகு.