கணுக்காலில் ஆறாத புண்: காலை எடுக்க வேண்டி வருமா?

கேள்வி: எனக்கு வயது 56. பல வருடங்களாக வெரிகோஸ் வெயின் உண்டு, சர்க்கரை இல்லை. வலது கணுக்காலின் உள்பக்கம், மூட்டுக்குச் சற்று மேலே 4 மாதமாகப் புண். சுற்றிலும் தோல் கறுத்து அரிக்கிறது. புண்ணில் மஞ்சளாகப் படிகிறது, நீர் வடிகிறது, வாடை வருகிறது. நானே ஆன்டிபயாடிக் மாத்திரையும் களிம்பும் வாங்கிப் பார்த்தேன், ஆறவில்லை. மருத்துவமனையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டார்கள். அப்படிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டி வரும் என்று இணையத்தில் படித்ததும் பயந்து அவிழ்த்துவிட்டேன். காலை உயர்த்தி வைத்தால் மட்டும் வலி குறைகிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்தது அந்தக் கடைசி வரி. காலை உயர்த்தினால் வலி குறைகிறது என்றால், இது அநேகமாகச் சிரைப் புண் (சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம்). சிரைப் புண்ணால் காலை இழப்பது மிகமிக அரிது. சிரைகளில் உள்ள வால்வுகள் பழுதாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கணுக்காலில் தேங்குகிறது. அந்த அழுத்தம் குறையாதவரை எந்தக் களிம்பும் புண்ணை ஆற்றாது. நீங்கள் அவிழ்த்துப் போட்ட கட்டுதான் இதற்கான சிகிச்சை.

நீங்கள் பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான வலிக்கு. இரவில் படுத்ததும் பாதம் வலித்து, எழுந்து காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் அடங்குகிறது. விரல்கள் சில்லிட்டு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கின்றன. அப்படியென்றால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலில் இறுக்கிக் கட்டக் கூடாது, தாமதிக்காமல் ரத்தநாள நிபுணரிடம் போக வேண்டும். சரியான கட்டுப் போட்ட பிறகும் விரல்கள் நீலமானாலோ மரத்துப்போனாலோ, உடனே அவிழ்த்துவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்.

அதனால் மறுபடி கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் கருவி) வைத்துக் கணுக்கால் அழுத்தம் பார்த்தீர்களா?" கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8-க்கும் 1.3-க்கும் நடுவே இருந்தால் தைரியமாகக் கட்டலாம். (சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.) விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தம் இருக்க வேண்டும். பழகியவர்தான் கட்ட வேண்டும். கட்டோடு தாராளமாக நடங்கள். ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். உட்காரும்போது காலை இடுப்புக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறைக் கவலை. கறுப்பு நிறம், கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் படிந்தது. மஞ்சள் படலம் சீழ் அல்ல. சிவப்பு சுற்றிலும் பரவி, சூடோ காய்ச்சலோ வந்தால்தான் ஆன்டிபயாடிக் வேண்டும். சும்மா விழுங்கினால் புண் ஆறாது, கிருமிகள்தான் மருந்துக்குப் பழகும். அந்தக் களிம்பையும் தூக்கிப் போடுங்கள். நியோமைசின் கலந்த களிம்புகள் இந்தத் தோலில் ஒவ்வாமை கிளப்புவதை அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் அரிப்புக்கே அது காரணமாக இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: சிரைகளுக்கான டூப்ளெக்ஸ் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்). பழுதான சிரையை லேசர் போன்ற முறையில் சீக்கிரமே அடைத்தால் புண் விரைவில் ஆறும். 2018-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அப்படிச் செய்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் ஆறிவிட்டது) 56 நாள் ஆனது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இரு தரப்புமே கட்டுப் போட்டுக்கொண்டவர்கள்தான். ஆறிய பிறகும் அழுத்தக் காலுறையை விடாதீர்கள். விட்டவர்களுக்கு அதே இடத்தில் மறுபடி வெடிப்பது அதிகம். ஒழுங்காகக் கட்டியும் 3 மாதத்தில் புண் சுருங்கவில்லை, அல்லது விளிம்பு தடித்து மேலெழுகிறது என்றால், ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.