கழுவி அடுக்கிய கப்புகளை யார் எடுப்பார்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. ஒரு வருசமாக யோகட் கப், பால்மாப் பைக்கற், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிறேன். பழைய போத்தல், பேப்பர் எடுக்க வருபவர் தண்ணீர்ப் போத்தலையும் மட்டைப் பெட்டியையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டுப் போகிறார். கப்பின் அடியில் முக்கோண அடையாளம் இருக்கிறதே என்றால் சிரிக்கிறார். நான் பட்ட பாடெல்லாம் வீணா?

பதில்: பாதி வீண். அவர் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது.

அந்த முக்கோணத்தை 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்தார்கள். உள்ளே இருக்கும் 1 முதல் 7 வரையான எண், அது எந்த இனப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். யாராவது அதை எடுத்து உருக்கி மறுபடி பாவிப்பார்கள் என்ற உறுதி அதில் கிடையாது. அம்புகள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் வரைந்திருப்பதால் நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். இந்தக் குழப்பத்துக்காகவே 2013இல் தரநிலையைத் திருத்தி, அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். ஆனாலும் அம்பு போட்ட கப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் ஆள் எண்ணைப் பார்ப்பதில்லை, தராசைப் பார்க்கிறார். 1 என்பது பெட் (PET) என்ற பிளாஸ்டிக், அதாவது தண்ணீர், சோடாப் போத்தல். அதை நொறுக்கி நூலாகக்கூட இழுக்கலாம் என்பதால் வாங்க ஆள் உண்டு. 2 பெரும்பாலும் ஷம்பு, சலவைத் திரவப் போத்தல்கள். 5 ஐஸ்கிரீம் பெட்டி. (அது எப்படியும் உங்கள் வீட்டை விட்டுப் போகாது, கருவாடும் மிளகாய்த்தூளும் குடியிருக்கும்.) உங்கள் யோகட் கப்பைத் திருப்பிப் பாருங்கள். 6 என்று இருந்தால் பொலிஸ்டைரீன் என்ற இலேசான பிளாஸ்டிக். சாக்கு நிறைய அடைத்தாலும் நிறை நிற்காது, அவருக்குக் கூலிக்கும் கட்டாது. பால்மாப் பைக்கற் அதைவிட மோசம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியது, லேசில் பிரிக்க முடியாது. அதைக் காசு கொடுத்து வாங்குபவரை நான் கொழும்பில் கண்டதில்லை.

ஆகவே 1, 2, 5 எண்களையும் கண்ணாடி, மட்டை, ரின் ஆகியவற்றையும் தொடர்ந்து கழுவிக் கொடுங்கள். மற்றவற்றுக்குத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். அவற்றைக் குறைக்கும் இடம் கடைதான். தயிரென்றால் சட்டித் தயிர் வாங்கலாம், சட்டியில் கறிவேப்பிலையாவது வளரும். பால்மா நாலைந்து பேருள்ள வீட்டுக்கு 400 கிராம் பைக்கற்றுக்குப் பதில் ஒரு கிலோ எடுத்தால் உறை குறையும், கிராம் விலையையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். நீங்கள் இருவர் மட்டுமென்றால் சின்னதே நல்லது. கொழும்பு ஈரக்காற்றில் கட்டிபட்டுப் போன பால்மாவைக் கொட்டுவது, இன்னொரு உறையைக் கொட்டுவதைவிடப் பெரிய நட்டம்.

இன்னொன்று. நம் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. மீன் தண்ணீர் பட்ட மட்டையை யாரும் எடுக்கமாட்டார்கள், அதன் நார் கெட்டுவிடும். கெரவலப்பிட்டியவில் 2021 முதல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் ஈரக் குப்பை போனால், அதன் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். உக்குவதையும் உக்காததையும் வேறாக வைப்பதுதான் உங்கள் வேலைகளிலேயே பெறுமதியானது. லொறிக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்டால் மனம் சோராமல் திகதி, நேரம், லொறி இலக்கத்தோடு மாநகர சபைக்கு எழுதுங்கள். தொடர்மாடியில் பத்து வீடு சேர்ந்து கையெழுத்து வைத்தால் பலன் கூடும்.

கேள்வி: புறக்கோட்டைக் கடையொன்றில் சொப்பிங் பைக்குக் காசு எடுத்தார்கள், பில்லில் போடவில்லை. கேட்டால் "அரசாங்கச் சட்டம்" என்கிறார்கள். சரியா?

பதில்: சட்டத்தில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 1 முதல், கைபிடி உள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அதேநேரம் பையின் விலையைக் கடையில் காட்சிப்படுத்தவும் வேண்டும், பில்லில் போடவும் வேண்டும். போடாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். துணிப்பையை மறந்துபோய் வாசலில் நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் அதைப் பற்றி உபதேசம் செய்யவில்லை.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அக்காவும் நானும் வீட்டில் சமைத்து அலுவலகங்களுக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறோம், நாளுக்கு அறுபது வரும். சோறு சுற்றும் மெல்லிய தாளை மொத்த வியாபாரி "உக்கும் லஞ்ச் ஷீட்" என்று கூடுதல் விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்ல குப்பைமலை வீடுகள் மேல் சரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பொலித்தீன் லஞ்ச் ஷீட் தடையானது. அதற்குப் பிறகு "உக்கும்" என்ற சொல்லுக்கே தனி விலை வந்துவிட்டது. அப்படி விற்பதில் ஒருவகை வெயிலில் நொறுங்கித் துகளாகும், துகளும் பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதைத் தடைசெய்துவிட்டது. மற்றது உண்மையாகவே உக்கும், ஆனால் 60 பாகை அளவு சூடேறும் பெரிய பசளைக் குவியலில். கானுக்குள் கிடந்தால் அதுவும் கிடக்கும். வியாபாரியிடம், உண்மையில் உக்கும் என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 17088 அல்லது ஈ.என். 13432 சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தணலில் வாட்டிய வாழையிலை கிழியாது, மணமும் சேரும். வெளியே பழைய பேப்பர் சுற்றலாம், அச்சு மை சோற்றில் படக்கூடாது.

ஆனால் என்னைக் கேட்டால், ஷீட்டைவிடச் சோற்றைப் பாருங்கள். கொழும்புப் பார்சல் ஒன்றை ஒருவர் தனியே முடிப்பது அபூர்வம். அலுவலகங்களில் இரண்டு பெண்கள் ஒன்றைப் பங்கிட்டுச் சாப்பிடுவதையும், தனியாக வாங்கியவர் மூன்றிலொரு பங்கை ஷீட்டோடு சுருட்டி எறிவதையும் நாள்தோறும் பார்க்கிறேன். அரைப் பார்சல் ஒன்று தொடங்குங்கள். கறியும் கூலியும் பாதியாகாது, அதனால் விலையைப் பாதியை விடக் கொஞ்சம் கூட வைத்து, காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொந்தச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வருபவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம். யாருக்கு முழு, யாருக்கு அரை என்பதை முதல் நாள் மாலையே சொல்லச் சொல்லுங்கள், அதைப் பார்த்து அக்கா அரிசி அளக்கலாம்.