ஜனவரியில் நிலம் விற்ற பணம் வந்திருக்கிறது. முன்கூட்டிய வரியின் மூன்று தவணைகளும் போய்விட்டன. வட்டி இல்லாமல் தப்ப வழி உண்டா?

கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் மார்த்தாண்டத்தில் குடியிருந்து திருவனந்தபுரத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள். சம்பளத்துக்கான வரியை நிறுவனமே பிடித்துவிடுகிறது. 2026 ஜனவரியில் குடும்ப நிலத்தில் உங்கள் பங்கை விற்றதில் ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய் லாபம் வந்திருக்கிறது. ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளில் எதுவும் கட்டவில்லை என்பதால் அபராதம் வருமோ என்று அஞ்சுகிறீர்கள்.

கடைசித் தவணை நாளான மார்ச் 15 இன்னும் தாண்டவில்லை; எனவே உங்களால் முழுவதுமாகத் தப்ப முடியும். நான் தப்பவில்லை. எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் அதே இடத்தில்தான் நம் பக்கத்தில் பலரும் தவறுகிறார்கள்.

2022 அக்டோபரில், தக்கலையில் அப்பா விட்டுச்சென்ற பன்னிரண்டு சென்ட் விளையை (தோட்ட நிலத்தை) அம்மாவும் நானும் சேர்ந்து விற்றோம். ஒரே பத்திரம், ஒரே நாள், இருவருக்கும் சரிபாதிப் பங்கு. 2001ஆம் ஆண்டு மதிப்பை அடக்கவிலையாக எடுத்து, விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்த உதவும், விற்ற ஆண்டுக்கான பணவீக்கக் குறியீடான 331ஐக் கொண்டு கணக்கிட்டபோது என் பங்குக்கான லாபம் 15,00,000 ரூபாய் என்று வந்தது. அன்றைய 20 சதவீத விகிதப்படி 3,00,000 ரூபாய் வரி, அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி, ஆக மொத்தம் 3,12,000. வரியை மறைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அதற்கான பணத்தைத் தனியே சேமிப்புக் கணக்கில் எடுத்து வைத்துவிட்டு, ஜூலை 31தான் கடைசி நாள் என்ற நினைப்பில் இருந்தேன். விவரம் தெரிந்த ஒருவரும் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொன்னார்.

2023 ஜூலை கடைசி வாரத்தில் நாகர்கோவிலில் ஆடிட்டர் இரண்டு கணக்குத் தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடப்பக்கத்துத் தாள் அம்மாவுடையது. வட்டி என்ற வரிசையில் பூஜ்யம். வலப்பக்கத்துத் தாள் என்னுடையது. அதே வரிசையில் 22,620 ரூபாய். அம்மா தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே நிலம்தானே மக்கா, உனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தச் சட்டத்தின் பாதி இருக்கிறது.

பிடித்தம் போக மீதி வரி ஓர் ஆண்டில் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அந்த நிதியாண்டுக்குள்ளேயே அதைத் தவணை முறையில் கட்ட வேண்டும் என்பது விதி; இதுவே முன்கூட்டிய வரி. ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15க்குள் 75 சதவீதம், மார்ச் 15க்குள் முழுவதும். ஆனால் இந்தியாவில் வசிக்கும், 60 வயது நிறைந்த, தொழில் வருமானமோ வியாபார வருமானமோ இல்லாத ஒருவருக்கு இந்தக் கடமை கிடையாது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மட்டுமே இருந்ததால், அவர் ஜூலையில் கட்டியது சட்டப்படி சரியான நேரம். எனக்கோ அது ஏழு மாதத் தாமதம். உங்கள் நிலத்தில் பெற்றோருக்கும் பங்கு இருந்தால் இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ளுங்கள். வயது மட்டும் போதாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: பெரியவர் பெயரில் சிறிய கடை ஒன்று நடந்து அதன் வருமானம் கணக்கில் வந்தாலே இந்த விலக்கு போய்விடும்.

என் 22,620 ரூபாய் எப்படி வந்தது என்று பிரித்துக் காட்டினால் உங்களுக்கு விஷயம் தெளிவாகும். டிசம்பர் தவணையில் 75 சதவீதமான 2,34,000 ரூபாய் கட்டாததற்கு, மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு 7,020. மார்ச் தவணையில் முழுத் தொகையும் கட்டாததற்கு ஒரு மாத வட்டி 3,120. இவ்விரண்டும் தவணை தவறியதற்கானவை; 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 234சி பிரிவு. இதற்கு மேல், நிதியாண்டு முடியும்போது மொத்த வரியில் 90 சதவீதம்கூடக் கட்டியிராததால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பணம் கட்டும் மாதம் வரை மாதம் 1 சதவீதம்; அது 234பி. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதத்துக்கு 12,480. மாதத்தில் ஒரு நாள் புகுந்தாலும் அது முழு மாதமாகவே எண்ணப்படும். சேமிப்புக் கணக்கில் அந்தப் பணம் ஆண்டுக்கு 3 சதவீதம் அளவில் ஈட்டிக்கொண்டிருக்க, வரித்துறைக்கு நான் ஆண்டுக்கு 12 சதவீதக் கணக்கில் கொடுத்தேன்.

இங்கே ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். இது அபராதம் அல்ல, வட்டி. அபராதம் என்றால் அதிகாரி காரணம் கேட்பார், நாம் விளக்கம் சொல்லலாம். இந்த வட்டி படிவத்தில் தானாகவே கணக்கிடப்பட்டு வந்து நிற்கும். தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. ஆகவே முன்னதாகக் கட்டுவதுதான் வழி.

உங்கள் நிலைக்கு வருகிறேன். நில விற்பனை போன்ற மூலதன ஆதாயத்தை யாராலும் ஏப்ரலிலேயே கணிக்க முடியாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆதாயம் வந்த பிறகு மீதமிருக்கும் தவணையில் அதற்கான வரி முழுவதையும் கட்டிவிட்டால், முன்பே போய்விட்ட தவணைகளுக்கு வட்டி இல்லை. மார்ச் 15க்குப் பிறகு விற்றவர்களுக்கு மார்ச் 31 வரை நேரம் உண்டு. பங்கு ஈவுத்தொகை, லாட்டரிப் பரிசு, முதன்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றுக்கும் இதே சலுகை உண்டு. நீங்கள் விற்றது ஜனவரியில். ஆகவே உங்களுக்கு மீதமிருப்பது மார்ச் 15 ஒன்றுதான். பத்து லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம் என்று வைத்தால் 1,25,000, கூடுதல் வரியோடு 1,30,000 ரூபாய். இதை மார்ச் 15க்குள் கட்டினால் வட்டி ஒரு ரூபாயும் இல்லை. அதைத் தவறவிட்டு மார்ச் 31க்குள் கட்டினால் 1,300 ரூபாயோடு போகும். என்னைப் போல ஜூலை வரை இருந்தால் அது 6,500 ஆகும். 2026 மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை என்பதால், வெள்ளிக்கிழமைக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

கட்டுவதற்கு முன்பு, கட்டத்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் நெருக்கமாக இருப்பதால் இது முக்கியமான கேள்வி. நிலம் விவசாய நிலமாக இருந்து, மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேற்பட்டு ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி அல்லது பேரூராட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அதன் விற்பனை லாபத்துக்கு வரியே இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாகர்கோவில் மாநகராட்சியைப் பொறுத்தவரை இந்தத் தூரம் 6 கிலோமீட்டர். எங்கள் விளை பத்மநாபபுரம் நகராட்சிக்குள்ளேயே இருந்ததால் எங்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. வரி உண்டு என்றானால், 2024 ஜூலை 23க்கு முன்பு வாங்கிய நிலம் என்ற நிலையில், குறியீட்டோடு 20 சதவீதம், குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என இரு வழியிலும் கணக்குப் போட்டு, குறைவானதைக் கட்டலாம். விற்ற ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலிட்டு விலக்குப் பெற நினைத்தால், அந்த முடிவையும் மார்ச் 15க்கு முன்பே எடுத்துவிடுங்கள். எவ்வளவு கட்டுவது என்பது அதைப் பொறுத்தே அமையும்.

சம்பளக்காரர்களுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். உங்கள் பிற வருமானத்தை நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்தால், அதற்கான வரியையும் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். பிடிக்கப்பட்ட வரி எந்த மாதத்தில் பிடிக்கப்பட்டாலும் முன்கூட்டிய வரிக் கணக்கைக் குறைத்துவிடும். 1,30,000 ரூபாயைத் தாங்கும் அளவுக்கு இரண்டு மாதச் சம்பளம் இல்லாவிட்டால், நேரடியாகக் கட்டுவதே நல்லது. வங்கி வைப்பு வட்டி திடீரென்று கூடியவர்களுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும், ஏனெனில் வங்கி 10 சதவீதம்தான் பிடிக்கும், அவர்களுடைய உண்மையான விகிதம் 30 சதவீதமாக இருக்கலாம்.

கடை, தொழில் நடத்துவோருக்கு இந்தச் சலுகை அவ்வளவு தாராளமாகக் கிடைக்காது. ஏற்கெனவே நடக்கும் தொழிலில் லாபம் எதிர்பாராமல் கூடினாலும், முந்தைய தவணைகளின் குறைவுக்கு வட்டி உண்டு. ஜூனில் 12 சதவீதமும் செப்டம்பரில் 36 சதவீதமும் கட்டியிருந்தால் அந்த இரு தவணைகளுக்கு மட்டும் விட்டுவிடுவார்கள். ஆனால் குளச்சலில் வலைக்கடை வைத்திருக்கும் என் மைத்துனரைப் போல, விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான வரி முறையில் இருப்பவர்களுக்கு நான்கு தவணை இல்லை; மார்ச் 15க்குள் ஒரே தவணையில் முழுவதையும் கட்டினால் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது "போன ஆண்டு கட்டிய வரியை இந்த ஆண்டும் கட்டினால் போதும்" என்று சொன்னால், அதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே சென்ற ஆண்டு வரியின் 100 சதவீதத்தை, வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் இருந்தவர் என்றால் 110 சதவீதத்தை, தவணை தவறாமல் கட்டியவருக்கு வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் அபராதம் இல்லை. நம் சட்டத்தில் அப்படியொரு பாதுகாப்பு கிடையாது. இந்த ஆண்டு வருமானமே இந்த ஆண்டு வரிக்கு அளவுகோல்.

பணம் கட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வருமான வரித் தளத்தில் மதிப்பீட்டு ஆண்டு, அதாவது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, 2026-27 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிதியாண்டு 2025-26 என்பதால் பலர் கை தவறி 2025-26ஐயே அழுத்திவிடுகிறார்கள். வரியின் வகையில், முன்கூட்டிய வரிக்கான 100 என்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். நிதியாண்டு முடிந்த பிறகு கட்டும் சுய மதிப்பீட்டு வரிக்கான 300 அல்ல. எப்படியோ மார்ச் 31ம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், ஜூலைக்காகக் காத்திராமல் ஏப்ரல் முதல் வாரத்திலேயே 300இன் கீழ் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 1,300 ரூபாய் மிச்சம். அப்போது அதுவரை சேர்ந்த வட்டியையும் சேர்த்தே கட்டுங்கள், ஏனெனில் கட்டும் தொகை முதலில் வட்டிக்கே வரவு வைக்கப்பட்டு, வரியில் பாக்கி நிற்கும்.

பிறகு ஜூலையில் படிவம் நிரப்பும்போது, மூலதன ஆதாயப் பகுதியின் இறுதியில் ஆதாயம் எந்தக் காலத்தில் வந்தது என்று கேட்கும் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். உங்கள் பத்து லட்சத்தை டிசம்பர் 16 முதல் மார்ச் 15 வரை என்ற கட்டத்தில் எழுதுங்கள். முதல் கட்டத்திலேயே எழுதிவிட்டால், ஜூனிலேயே லாபம் வந்ததாகக் கருதி மென்பொருள் எல்லாத் தவணைகளுக்கும் வட்டி போட்டுவிடும்.