ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டைகளை எப்படித் தயாரிக்கிறார்கள்?

"என் கார்டில் வங்கிப் பெயர் புதுசாகவே இருக்கிறது, கார்டு எண் மட்டும் தேய்ந்துபோய்விட்டது. அது ஏன்? இந்த அட்டைகளை எப்படித்தான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வங்கிப் பெயர் அட்டைக்கு உள்ளே இருக்கிறது, எண் அட்டைக்கு மேலே இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். இரண்டும் அச்சான நாள் வேறு, இயந்திரம் வேறு, பெரும்பாலும் கட்டடமே வேறு.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் கோவைப் பக்கம் ஒரு கார்டு தொழிற்சாலையில், தாள்களைச் சூட்டில் அழுத்தி ஒன்றாக்கும் லாமினேஷன் பிரிவில் இருந்தேன். பெரிய பிரஸ், சின்ன பிரஸ் இரண்டும் கைப்பட்ட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்டு என்பது பார்க்க ஒரே துண்டு பிளாஸ்டிக். உண்மையில் அது பல பிவிசி தாள்கள் சூட்டில் ஒன்றாகிப்போன அடுக்கு. நடுவில் இரண்டு வெள்ளைத் தாள்கள், அவற்றின் வெளிப்பக்கங்களில் அச்சு, அந்த அச்சுக்கு மேல் இருபுறமும் கண்ணாடி மாதிரி தெளிவான மெல்லிய தாள். இதை ஓவர்லே என்போம். வெள்ளைத் தாள் 0.3 மில்லிமீட்டர், ஓவர்லே 0.08 மில்லிமீட்டர் என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 0.76 வரும். அதுதான் ஐஎஸ்ஓ 7810 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் தடிமன். நீளம் 85.60 மில்லிமீட்டர், அகலம் 53.98 மில்லிமீட்டர். வாளையார் எல்லை தாண்டினாலும் கடல் தாண்டினாலும் ஏடிஎம்மின் வாய் ஒரே அளவுதான், அதனால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தொழிற்சாலையில் அட்டைகளைத் தனித்தனியாக அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் 24, 48 என்று கட்டம் கட்டமாக ஆஃப்செட்டில் அச்சாகும். பிவிசி காகிதம்போல மையை உறிஞ்சாது. அதனால் புற ஊதா விளக்கில் சட்டென்று உலரும் மை வேண்டும். தங்கம், வெள்ளி மாதிரி மின்னும் நிறங்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். பின்பக்கக் கறுப்புக் காந்தப் பட்டையை ஓவர்லேயின் மேல் முன்கூட்டியே ஒட்டிவைத்திருப்பார்கள். தட்டிப் பணம் கட்டும் வகை என்றால் நடுவில் இன்னொரு தாள் சேரும், அதில் மெல்லிய செம்புக் கம்பி ஓரத்தைச் சுற்றி ஓடும். அதுதான் ஆன்டெனா.

அடுத்து வருவது பிரஸ். நான் வருஷக்கணக்கில் நின்ற இடம் அதுதான், ஒரு கார்டின் ஆயுள் தீர்மானமாவதும் அங்கேதான். அடுக்கிய தாள்களைப் பளபளப்பாக மெருகேற்றிய எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, அப்படிப் பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, 140 டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுத்துவோம். பிவிசி சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். 140ல் வெள்ளைத் தாளும் வெள்ளைத் தாளும் ஒன்றாகக் கலந்துவிடும். அங்கே பசையே தேவையில்லை. ஆனால் ஓவர்லேக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவில் மை கிடக்கிறதே! மை இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கைத் தொடாது. அதற்காகவே ஓவர்லேயின் உள்பக்கத்தில் மெல்லிய பசைப் பூச்சு இருக்கும். மை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குப் பிடிப்பு குறையும். மூலை பிரிந்துபோன அட்டைகளைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் விளிம்பு வரை கறுப்போ கருநீலமோ அடித்தவையாக இருக்கும்.

எஃகுத் தகட்டின் முகம் அப்படியே அட்டையில் பதியும். தகடு கண்ணாடிபோல இருந்தால் அட்டை பளபளக்கும், சொரசொரப்பாக இருந்தால் மேட். தகட்டில் ஒரு தூசி இருந்தால் அதற்குக் கீழே இருக்கும் கார்டில் ஒரு குழி.

சூடேற்றுவதைவிட ஆறவைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அழுத்தத்தை விடாமலேயே குளிர்விக்க வேண்டும். சூட்டோடு பிரித்தால் அட்டை அப்பளமாக வளைந்துவிடும், பிறகு எதை வைத்து அழுத்தினாலும் நேராகாது. அவசர ஆர்டர் என்று இந்த நேரத்தைக் குறைக்கச் சொல்பவர்களிடம் நான் சம்மதிப்பதே இல்லை.

என் கடையில் நடப்பதும் இதே வேலைதான், அளவுதான் சின்னது. ஏ4 தாளில் பத்து அட்டை, இங்க்ஜெட் பிரிண்டர், சூட்டில் அழுத்தும் ஃபியூசிங் மெஷின், கடைசியில் அட்டை வடிவில் வெட்டும் டை கட்டர். எங்கள் சித்தூர் தாலுக்காவில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று கேட்பார்கள். முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வெட்டும்போது ஒரு பக்கத்து எழுத்து விளிம்பில் இடிக்கும். பள்ளி திறக்கும் ஜூனில்தான் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் வருகிறது. ஈரக்காற்றில் மை முழுக்கக் காயாமல் பிரஸ்ஸில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழ் குமிழாக எழும்பும். அதனால் அச்சடித்த தாள்களை அந்த மாதத்தில் நன்றாக உலரவிட்டுத்தான் அடுக்குவேன். "ஏனுங்கண்ணா, தண்ணி பட்டா பேரு கரைஞ்சிருங்களா?" என்று பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பார்கள். கரையாதுங்க, மை உள்ளே பூட்டிக்கிடக்கிறது.

மறுபடி தொழிற்சாலைக்கு வருவோம். அழுத்திய பெரிய தாளைத் தனித்தனி அட்டைகளாக வெட்டிய பிறகுதான் சிப். அட்டையில் ஒரு நுண்ணிய கடைசல் கருவி இரண்டு படிகளாகக் குழி எடுக்கும். மேல்படி அகலமாக, தங்கமுலாம் பூசிய தகடு உட்கார. உள்படி ஆழமாக, தகட்டின் அடியில் இருக்கும் சிப் உட்கார. சிப்கள் 35 மில்லிமீட்டர் அகல நாடாவில் சுருளாக வரும். அதிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சூட்டில் இளகும் பசையோடு குழியில் அழுத்துவார்கள். 0.76 மில்லிமீட்டர் தடிமனில் குழி எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது மிக மெல்லிய தோல். சிப்புக்கு நேர் பின்பக்கம் அட்டையை வளைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கால்சட்டைப் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து உட்காருபவர்களின் கார்டில் முதலில் போவது அந்த இடம். இந்திய வங்கிகள் காந்தப் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் சிப் கார்டுகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது, நினைவிருக்கும்.

இது வரைக்கும் கார்டில் யாருடைய பெயரும் இல்லை. எல்லாக் கார்டும் ஒன்றுபோல இருக்கும். பாதுகாப்பான வேறொரு கூடத்தில்தான் உங்கள் பெயர், எண், காலாவதி தேதி எல்லாம் ஏறும். சிப்பில் ரகசியச் சாவிகளை எழுதுவதும் அங்கேதான். சூட்டில் மையை அட்டைக்கு மாற்றும் ரிப்பனால் கார்டு எண்ணை ஓவர்லேக்கு மேலேயே அடிக்கிறார்கள். அதற்கு மேல் காப்புத் தாள் கிடையாது, இருந்தாலும் மெல்லிய பூச்சுதான். அதனால்தான் உங்கள் கார்டில் எண் மட்டும் தேய்ந்தது. பழைய கார்டுகளில் எண்ணைப் புடைப்பாக அழுத்தியிருப்பார்கள். அந்தக் காலத்தில் கடைக்காரர் கார்பன் தாள் வைத்து அதன் மேல் உருளையை ஓட்டிப் படி எடுப்பார்.

ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் பொருளே மாறும். கேரளத்தில் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த உரிமம் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. பாலிகார்பனேட் அட்டை இன்னும் உறுதி. அதில் லேசர் கதிர் உள் அடுக்கையே கருக்கி முகத்தை வரைகிறது. அந்தப் படத்தில் மை என்று ஒன்று இல்லாததால் சுரண்டி எடுக்க எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆதாரை பிவிசியில் அடித்துத் தரச் சொல்லி என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். நான் செய்வதில்லை. வெளிக்கடைகளில் அடிக்கும் பிவிசி ஆதாரில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆதார் ஆணையம் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஹோலோகிராம், நுண்ணெழுத்து, மங்கலான இரண்டாவது படம் எல்லாம் உள்ள அட்டையை ஆணையமே 2020 முதல் தபாலில் அனுப்புகிறது. அதை இணையத்தில் பதிவு செய்ய மட்டும் உதவுகிறேன்.

கார்டை வைத்துக்கொள்வது பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் கார்டை வைக்காதீர்கள், பாலக்காட்டு வெயிலுக்கு அது வளைய அதிக நேரம் ஆகாது. காலாவதியான கார்டை சிப்பின் நடுவிலும் காந்தப் பட்டையின் குறுக்கிலும் வெட்டிப் போடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். என் கடையில் வெட்டிய பின் மிஞ்சும் ஓரத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் தனியாகத்தான் கொடுக்கிறேன்.