கணினி கேள்வி பதில்: முகூர்த்தத்துக்குக் காத்திருக்காத ஸ்கிரிப்ட்

கே: வணக்கம் மேடம். கும்பகோணத்தில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ புரோகிராமில் சுருக்கி, பென் டிரைவில் காப்பி செய்ய, விண்டோஸ் வேலைகளைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோஹாட்கீயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சுருக்கி முடிப்பதற்குள் காப்பி தொடங்கிவிடுகிறது. நடுவில் ஸ்லீப் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். நிச்சயதார்த்த வீடியோ சரியாக வந்தது. முகூர்த்த வீடியோ பெண் வீட்டார் டிவியில் திறக்கவே இல்லை. ஸ்கிரிப்ட் வரியையும் அனுப்பியிருக்கிறேன். (ஒரு வாசகர், கும்பகோணம்)

ப: முதலில் அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். அது கடிகாரத்தைத்தான் பார்க்கும், எஃப்எஃப்எம்பெக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நானும் இதே தப்பைச் செய்தவள்தான். பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ராத்திரி பில் ஃபைல்களை செவன்-ஜிப் என்ற புரோகிராமில் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி, கால் மணி நேரம் தூங்கி, பிறகு மூல ஃபைல்களை அழிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது மாதம் ஒழுங்காக ஓடியது. மார்ச் கடைசியில் பில்கள் குவிந்தன, கால் மணி போதவில்லை. ஜிப்புக்குள் இன்னும் போகாத ஃபைல்களையும் ஸ்கிரிப்ட் அழித்துவிட்டது. மூன்று நாள் பில்களைக் காகித நகலைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். அடித்ததில் பாதி நான்.

உங்கள் வரிக்கு வருவோம். ‘ரன்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். ரன் என்பது ஆளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் தெருமுனை திரும்புவதற்குள் அடுப்பைப் பற்றவைக்கிற ரகம். அதற்குப் பதில் ‘ரன்வெயிட்’ என்று போடுங்கள். ஏவிய புரோகிராம் முடியும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நிற்கும்.

ஆனால் அதை மட்டும் மாற்றினால் வேறு கோளாறு வரும். காம்ஸ்பெக்குக்கு, அதாவது விண்டோஸின் கறுப்பு கமாண்ட் விண்டோவைக் கூப்பிடும் சொல்லுக்கு, பின்னால் ‘ஸ்லாஷ் கே’ கொடுத்திருக்கிறீர்கள். பிழை வந்தால் படிக்கலாம் என்று கறுப்பு விண்டோவைத் திறந்தே வைக்க நினைத்திருப்பீர்கள். ரன்வெயிட் காத்திருப்பது அந்த விண்டோவுக்குச் சொந்தமான கமாண்ட் புரோகிராமுக்கு. நீங்கள் கையால் மூடாதவரை அது முடியாது, காப்பியும் தொடங்காது. ‘ஸ்லாஷ் சி’ என்று மாற்றுங்கள், வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். இன்னும் நேர்வழி, காம்ஸ்பெக்கையே விட்டுவிட்டு எஃப்எஃப்எம்பெக்கை நேராக ரன்வெயிட்டில் கூப்பிடுவது. வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்புவது போன்ற வேலைகளுக்குத்தான் காம்ஸ்பெக் வேண்டும். நடுவில் ‘ஸ்டார்ட்’ என்ற கமாண்டை மட்டும் நுழைக்காதீர்கள். அது வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு உடனே வெளியேறிவிடும், ரன்வெயிட்டும் முடிந்தது என்று நம்பிவிடும்.

டிவியில் பாதி வீடியோகூட ஓடாதது ஏன் என்று யோசித்திருப்பீர்கள். எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு, அதற்கு ‘மூவ்’ என்று பெயர். எஃப்எஃப்எம்பெக் வழக்கமாக அதைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் காப்பி செய்த ஃபைலில் தாலி கட்டும் காட்சி இருந்தாலும் அட்டவணை இல்லை, டிவியால் திறக்க முடியாது. ‘ஃபைலின் அளவு ஏறுவது நின்றதும் காப்பி செய்’ என்று சிலர் யோசனை சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள். எஃப்எஃப்எம்பெக் கமாண்டில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற விருப்பத்தைப் போட்டிருந்தால், எல்லாம் எழுதி முடித்த பிறகும் அட்டவணையை முன்னால் கொண்டுவர ஃபைலை இன்னொரு முறை புரட்டும்.

முடிந்தது என்பது வேறு, ஒழுங்காக முடிந்தது என்பது வேறு. ஆட்டோஹாட்கீ இரண்டாம் பதிப்பில் ஏவிய புரோகிராம் எப்படி முடிந்தது என்று சொல்லும் ஓர் எண்ணை ரன்வெயிட் திருப்பித் தரும். பழைய பதிப்பில் அதே எண் எரர்லெவல் என்ற மாறியில் இருக்கும். எஃப்எஃப்எம்பெக் 0 தந்தால் மட்டும் காப்பிக்குப் போங்கள். காப்பிக்கு விண்டோஸின் ரோபோகாப்பி கமாண்டை வைத்திருந்தால் கணக்கு வேறு: அங்கே 1 என்றால் ஃபைல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்ததாக இருந்தால் 4 ஜிபி ஃபைல் அதில் ஏறவே ஏறாது, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: மேடம், நான் ரன்வெயிட்தான் போட்டிருக்கிறேன். ராத்திரி விண்டோவை மறைத்து ஓடவிட்டால் காலையில் முதல் வீடியோவிலேயே நிற்கிறது. மறைக்காமல் பகலில் ஓட்டினால் ஒழுங்காக முடிகிறது. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ப: பகலில் ஓட்டும்போது கறுப்பு விண்டோவில் ஒரு ‘ஒய்’ தட்டுகிறீர்களா, நினைவுபடுத்திப் பாருங்கள். அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால், அதன் மேல் எழுதட்டுமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்கும். மறைந்த விண்டோவில் கேட்டால் யார் பதில் சொல்வது? அது உங்களுக்காகக் காத்திருக்கிறது, ஸ்கிரிப்ட் அதற்காகக் காத்திருக்கிறது. பழையது போனால் பரவாயில்லை என்றால் கமாண்டில் ‘மைனஸ் ஒய்’ சேருங்கள், போகக்கூடாது என்றால் ‘மைனஸ் என்’. இரண்டில் எதைப் போட்டாலும் அது கேள்வி கேட்காது.