வாசகர் கேள்வி – பதில்: இரைச்சலுக்குள் தாளம்

கேள்வி: நேபாம் டெத், டிஸ்சார்ஜ் போன்ற பழைய அதிவேக, இரைச்சல் ராக் குழுக்களை முதல்முறையாக நேரில் கேட்கப் போகிறேன். பதிவில் கேட்டால் எல்லாம் ஒரே வேகமாக இருக்கிறது. எப்படிப் பிரித்துக் கேட்பது?

பதில்: பாடலை விடுங்கள், டிரம்ஸில் காதை வையுங்கள். டிஸ்சார்ஜ் 1977-இல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் தொடங்கிய குழு. அவர்களுடைய அடி 'டும் – டக் டும் – டும் டக்' என்று ஓடும். 'டும்' காலால் அடிக்கும் கிக், 'டக்' கையால் அடிக்கும் ஸ்நேர். டிஸ்சார்ஜின் முதல் எழுத்தை வைத்தே இதற்கு 'டி-பீட்' என்று பெயர் வந்தது. தொடையில் தட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

நேபாம் டெத் புகழ்பெற்றது 'பிளாஸ்ட் பீட்'டில். ஸ்நேரும் கிக்கும் இடைவெளி விடாமல் சம அளவில் மாறி மாறி விழும். அங்கே அடிகளை எண்ணப் போனால் தோற்றுப் போவீர்கள். கிட்டாரில் கார்டு (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) மாறும் இடத்தைப் பிடியுங்கள். அது டிரம்ஸைவிட மெதுவாகத்தான் நகரும். ஒரே பாட்டுக்குள் பிளாஸ்ட் டி-பீட்டாக இறங்குவதும், பின் திடீரென்று மெதுவாகிக் கனப்பதும் உண்டு. அந்தத் திருப்பங்கள்தான் இந்த இசையின் உயிர். புறப்படும் முன் 1987-இல் வந்த 'ஸ்கம்' தொகுப்பை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். 28 பாடல்கள், அதில் ஒன்று ஒரு வினாடியைச் சற்றே தாண்டும்.

கேள்வி: நேபாம் டெத்தைத் தொடங்கியவர்கள் யாருமே இப்போது அதில் இல்லையாமே?

பதில்: உண்மை. 1981-இல் தொடங்கியவர்கள் எவரும் இன்று இல்லை. 'ஸ்கம்' இசைத்தட்டிலேயே இரண்டு பக்கத்திலும் வாசித்தவர் டிரம்ஸ் கலைஞர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஷேன் எம்பரி 1987-இல் சேர்ந்தார், பாடகர் பார்னி கிரீன்வே 1989-இல். குழுவின் பெரும்பாலான தொகுப்புகள் இவர்கள் காலத்தில் வந்தவை. அதனால் தயங்காமல் போங்கள்.

கேள்வி: இயர் பிளக் போட்டால் இசை மந்தமாகிவிடுகிறது. இரண்டு மணி நேரம்தானே, போடாமல் இருந்தால் என்ன?

பதில்: தயவுசெய்து போடுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 106-க்கு நான்கு நிமிடம்கூட இல்லை. இத்தகைய அரங்கில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

மந்தமாவதற்குக் காரணம் ஃபோம் எனப்படும் நுரைப்பஞ்சு பிளக். அது உயர்ந்த சுரங்களை அதிகமாகவும் தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவும் தடுக்கும். சிம்பலும் கிட்டாரின் கூர்மையும் போய், பேஸ் மட்டும் முழங்கும். வடிகட்டி வைத்த 'மியூசிஷியன்ஸ்' வகை எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவு, 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். அதை வாங்குங்கள்.

நுரைப்பஞ்சுதான் கையில் இருக்கிறதென்றால், மெல்லிய குச்சிபோல் வரும்வரை விரலால் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி உள்ளே செலுத்தி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சரியாக அமர்ந்தால் உங்கள் குரலே மண்டைக்குள் ஒலிக்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. அரங்கத்துக்குள் நுழையும் முன்பே போட்டுவிடுங்கள். மறுநாளும் காதில் 'ங்ஙீ' என்ற ஒலி நிற்கவில்லையென்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

பதில்: ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில். ஒலிப் பொறியாளர் அங்கே தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் கலக்கிறார். மேடையை ஒட்டி நின்றால் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் நேராக அடிக்கும். குரல் வரும் ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில் இருப்பதால் பாடுவது அமுங்கிவிடும். பின்சுவரின் மூலைகளில் பேஸ் தேங்கிக் குழம்பும்.

கேள்வி: மேடைக்கு முன்னால் ரசிகர்கள் மோதிக்கொண்டு ஆடும் மாஷ் பிட்டில் இறங்கலாமா? பயமாக இருக்கிறது.

பதில்: ஓரத்தில் நின்று இரண்டு பாட்டு பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். மோதிரம், சங்கிலி, மூக்குக்கண்ணாடி, தோள்பை எதுவும் வேண்டாம். ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகுங்கள். அவிழ்ந்த நாடா ஆளைக் கவிழ்த்துவிடும். தோளால் தள்ளலாம், முழங்கையை உயர்த்தக் கூடாது. யாராவது விழுந்தால் அருகிலிருப்பவர்கள் உடனே அரணாக நின்று தூக்கிவிடுவார்கள். நீங்களும் அதைச் செய்ய வேண்டும். இந்தக் கூட்டத்தில் யாரும் மீறாத விதி இது.

பிட்டைவிட ஆபத்தானது மேடையின் முன்கம்பியில் நேரும் நெரிசல். மூச்சுவிட மார்பு விரிய இடம் வேண்டும். அதனால் இரு கைகளையும் குத்துச்சண்டைக்காரர்போல மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள். கூட்டத்தின் தள்ளலை எதிர்க்காதீர்கள். அலை தணியும் நொடியில் குறுக்காக, பக்கவாட்டில் ஓரத்தை நோக்கி நகருங்கள். கைபேசி கீழே விழுந்தால் குனியாதீர்கள். விளக்குகள் எரிந்தபின் தேடிக்கொள்ளலாம்.