எண்ணைப் பார்த்துச் சாலையைத் தேர்ந்தெடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்: பிரான்சில் சைக்கிள் பயணம்

பிரான்சின் கிராமச் சாலைகளிலும் பழைய நகரங்களிலும் சைக்கிளில் சுற்றுவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கே: நாங்கள் நான்கு பேர், எல்லோருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ஞாயிறுதோறும் கே.ஆர்.பி. அணை வரை சைக்கிளில் போய்வருகிறோம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அலுத்துவிட்டது. பிரான்சில் வண்டித் தொல்லை இல்லாத சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் மேப் போதுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

ப: போதாது. போனில் வரும் வழி ஒன்று வண்டிகள் பறக்கும் சாலையில் கொண்டுபோய் விடும், இல்லையென்றால் உழவு வண்டி போகும் மண்பாதையில் இறக்கிவிடும். அங்கே சாலையின் தன்மையை அதன் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. எண்ணுக்கு முன்னால் ‘ஏ’ (A) என்ற எழுத்து இருந்தால் விரைவுச்சாலை, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ‘என்’ (N) என்றால் தேசிய நெடுஞ்சாலை, அதைத் தவிருங்கள். ‘டி’ (D) என்பது மாவட்ட நிர்வாகத்தின் சாலை. உங்கள் பயணத்தில் பெரும்பகுதி இந்த ‘டி’ சாலைகளில்தான் அமையும். இதற்கும் கீழே ஊராட்சிச் சாலைகள் உண்டு. அவற்றில் அரை மணி நேரத்துக்கு ஒரு டிராக்டர் வந்தால் அதிகம்.

‘டி’ சாலைகளிலும் ஒன்றிரண்டு இலக்க எண் என்றால் ஓரளவு போக்குவரத்து இருக்கும். மூன்று இலக்கம் பெரும்பாலும் அமைதி. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 2006-ஐ ஒட்டி ஏராளமான தேசிய நெடுஞ்சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தபோது, அவற்றுக்கு 900, 2000 வரிசையில் ‘டி’ எண்கள் தந்தார்கள். லுவார் ஆற்றின் வடகரையில் போகும் டி 952, டி 2152 இரண்டும் அப்படி வந்தவை. பார்க்க உள்ளூர்ச் சாலை எண் போலிருக்கும், லாரிகள் சீறிக்கொண்டு போகும். 9-இல் தொடங்கும் மூன்று இலக்க எண்ணோ நான்கு இலக்க எண்ணோ தென்பட்டால் வரைபடத்தில் அதன் நிறத்தையும் பாருங்கள்.

அதற்குத்தான் மிஷ்லன் நிறுவனத்தின் காகித வரைபடம். 1:150,000 அளவில் உள்ளதை வாங்குங்கள். அதில் ஒரு செ.மீ. என்பது ஒன்றரை கி.மீ. சிவப்புச் சாலை முக்கியமானது, மஞ்சள் இரண்டாம் நிலை, வெள்ளைதான் உங்களுக்கு. சாலையின் குறுக்கே அம்புக்குறி போட்டிருந்தால் ஏற்றம் என்று அர்த்தம். ஓர் அம்பு 5 சதவீதத்துக்கு மேல், இரண்டு 9-க்கு மேல், மூன்று 13-க்கு மேல். சாலையை ஒட்டிப் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகான வழி. அதே காரணத்துக்காக விடுமுறை நாளில் கார்களும் பைக்குகளும் அங்கே திரளும்.

இன்னொன்று. மாவட்ட எல்லை தாண்டினால் அதே சாலைக்கு வேறு எண் வரும். வழி தவறிவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள். ஓரத்தில் மஞ்சள் தலை வைத்த கி.மீ. கல் இருக்கும். அதில் இருக்கும் புதிய எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.

கே: எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். ஒரு நாளைக்கு 50 கி.மீ. ஓட்டுவேன். கோட்டை, கொத்தளம், பழைய ஊர்கள் என்றால் உயிர். எந்த வழி? (தருமபுரி வாசகர்)

ப: லுவார் பள்ளத்தாக்கு. சுல்லி முதல் ஷலோன் வரையிலான பகுதி 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றை ஒட்டியே சுமார் 900 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிள் தடம் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஆளில்லாத சிறு சாலை, சில இடங்களில் தனிப் பாதை.

பெரும்பாலோர் ஆற்றோட்டத்தின் திசையில், கிழக்கிலிருந்து மேற்கே போகிறார்கள். நாங்கள் எதிர்த்திசையைச் சொல்வோம். அங்கே பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்துதான் காற்று வீசும், அதாவது மேற்கிலிருந்து. நாங்கள் சொல்லும் பயணம் தொடங்கும் சோமூருக்கும் முடியும் ஆர்லேயானுக்கும் உயர வித்தியாசம் நூறு மீட்டர்கூட இல்லை. அந்த ஏற்றம் காலுக்குத் தெரியாது. எதிர்க்காற்றோ பகல் முழுக்கத் தெரியும். பயணம் ஆர்லேயானில் முடிந்தால் பாரிஸும் ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ஏறி தூர் நகரம் போய், அங்கே மாறி சோமூரில் இறங்குங்கள். முதல் நாள் சோமூரிலிருந்து சினோன், சுமார் 35 கி.மீ. வழியில் வியன் ஆறு லுவாருடன் கூடும் கான்ட் கிராமம் வரும். அங்கிருந்து சற்றே ஏறினால் ஃபோந்தவ்ரோ மடாலயம். இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டின் கல்லறைச் சிலை அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் நாள் அசே-லெ-ரிதோ. மூன்றாம் நாள் வில்லாந்திரி தோட்டத்தைப் பார்த்துவிட்டு தூர். நான்காம் நாள் 27 கி.மீ. ஓட்டினால் அம்புவாஸ். லியொனார்டோ டா வின்சி 1519-இல் உயிர்விட்ட குளோ லூசே மாளிகை அங்கே இருக்கிறது. அந்த ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். ஐந்தாம் நாள் பைகளை அறையிலேயே வைத்துவிட்டு, ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம் போல நிற்கும் ஷெனோன்சோ அரண்மனைக்குப் போய்வரலாம், 30 கி.மீ. ஆறாம் நாள் ஷோமோன் வழியாக புளோவா. ஏழாம் நாள் ஷம்போர் அரண்மனை பார்த்துவிட்டு போஜான்சியில் இரவு. எட்டாம் நாள் ஆர்லேயான்.

இந்தத் திசைக்கு வரலாற்றிலும் பொருத்தம் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க், பின்னர் பிரான்சின் மன்னராக முடிசூடிய ஏழாம் சார்லஸை 1429-இல் சந்தித்தது சினோன் கோட்டையில். பிறகு தூர், புளோவா வழியாகப் போய்த்தான் ஆங்கிலேயரின் ஆர்லேயான் முற்றுகையை உடைத்தார். முற்றுகை விலகிய மே 8-ஆம் தேதியை ஒட்டி ஆர்லேயானில் பெரிய விழா நடக்கும், அறை கிடைப்பது கடினம். மே மத்தியிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 கி.மீ. ஓட்ட முடிந்தாலும் நாளுக்கு 30, 40-ஐத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. புளோவா அரண்மனை முற்றத்தின் சுழல் படிக்கட்டை மட்டும் நின்று நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். களைத்துப்போய் மாலை ஆறு மணிக்கு ஊருக்குள் நுழைந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

கே: சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா? (ஓசூர் வாசகர்)

ப: ஒரு வாரம், பத்து நாள் என்றால் வாடகைதான். லுவார் பகுதியில் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடும் வசதி உண்டு. உயரத்தையும், கால் கவட்டையிலிருந்து தரை வரையுள்ள அளவையும் முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பழகிய சீட்டை மட்டும் கழற்றி எடுத்துப்போனால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சொந்த வண்டி. ஓசூர்க்காரருக்கு பெங்களூரு விமான நிலையம் பக்கம், அங்கிருந்து பாரிஸுக்கு நேர் விமானமும் இருக்கிறது. அட்டைப்பெட்டியை சைக்கிள் கடையில் கேளுங்கள், புது வண்டி வந்த பெட்டி கிடைக்கும். பெடலைக் கழற்றும்போதுதான் பலர் மரை கெடுக்கிறார்கள். வலது பெடல் வழக்கம்போல இடப்புறம் சுழற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்புறம், வலப்புறம் சுழற்ற வேண்டும். கழலவில்லையே என்று தவறான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும், கடைசியில் பெடல் மாட்டும் கையான கிராங்கின் மரையே போய்விடும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ். கியர் மாற்றும் பின் டெரெய்லரை, அதை வண்டியோடு பிணைக்கும் தொங்கியில் இருந்து கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சைக்கிள் சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். பெட்டி அந்தப் பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அந்தத் தொங்கிதான். உங்கள் வண்டிக்குரிய உபரித் தொங்கி ஒன்று பையில் இருக்கட்டும், அங்கே அதே மாடல் கிடைப்பது அரிது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மின் சைக்கிள்காரர்களுக்கு வாடகை ஒன்றே வழி.

டயர் 32 மி.மீ. இருக்கட்டும். ஆள் 70 கிலோ, சுமை 12 கிலோ என்றால் காற்றழுத்தம் பின்னால் 60 முதல் 65 பி.எஸ்.ஐ., முன்னால் 50 முதல் 55. கோடையில் ‘டி’ சாலைகளில் தார் தெளித்துச் சல்லி தூவுவார்கள். ‘கிராவியோன்’ என்று பலகை இருந்தால் வேகத்தைக் குறைத்து, வண்டிச் சக்கரம் பதிந்த தடத்திலேயே போங்கள். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சல்லியில் வழுக்கும்.

கே: வலப்பக்கம் ஓட்ட வேண்டுமே, அது ஒன்றுதான் பயம். (பென்னாகரம் வாசகி)

ப: சாலையில் போகும்போது பழகிவிடும். தவறு நடப்பது மூன்று இடத்தில்: காலையில் கிளம்பும்போது, கடைக்கு நின்றுவிட்டு மறுபடி ஏறும்போது, வண்டியே இல்லாத முக்கில் திரும்பும்போது. இந்த மூன்றிலும் நம் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். ஹேண்டில்பாரின் வலது முனையில் பளிச்சென்று ஒரு டேப் சுற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் வலப்பக்கத்து முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலது சந்திலிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும். அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி, நீங்கள் நேர்சாலையில் இருந்தாலும் சரி. உள்ளூர்க்காரர் நிற்காமலே வந்துவிடுவார். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு, அதன்மேல் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அது முடிந்தது. ரவுண்டானாவைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பொதுவாக உள்ளே இருப்பவருக்கே முதலிடம்.

ஒரு ஆறுதல்: ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். இருட்டிலும் மூடுபனியிலும் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலாடை கட்டாயம். காதில் இயர்போன் கூடாது, 135 யூரோ அபராதம்.

கே: வெளியில் முட்டைகூடச் சாப்பிடமாட்டோம். என்ன செய்வது? உறவினர் வீட்டுக்குக் கொஞ்சம் மாம்பழமும் பால்கோவாவும் எடுத்துப்போகலாமா? (பாலக்கோடு வாசகி)

ப: இரண்டுமே முடியாது. பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை. மாம்பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

சாப்பாட்டில் சிக்கல் பொருளைவிட நேரம்தான். கிராமத்து உணவகத்தில் மதியம் 12 முதல் 2 வரைதான் சமையலறை. இரண்டரைக்குப் போனால் காபி கிடைக்கும், சோறு கிடைக்காது. ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்களன்றும் பல கடைகள் திறக்காது. சனிக்கிழமையே ரொட்டி, பழம், தக்காளி, வேகவைத்த பயறு டப்பா எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். ‘சாலட்’ என்றால் சைவம் என்று நினைக்காதீர்கள், பன்றிக்கொழுப்புத் துண்டு தூவியிருக்கும். கீஷ் எனும் பலகாரத்தில் முட்டையும் பெரும்பாலும் பன்றியிறைச்சியும் உண்டு. பல பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சமையல் வசதியுள்ள வாடகை வீட்டில் தங்கினால் இரவுச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

கே: வழியில் குடிநீர்? (காவேரிப்பட்டணம் வாசகர்)

ப: கல்லறைத் தோட்டத்துக் குழாய். கிராமம் தவறாமல் கல்லறைத் தோட்டம் இருக்கும், பெரும்பாலானவற்றில் குழாயும் இருக்கும். ‘நோன் பொதாபிள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது.

கே: இங்கே எந்தச் சாலையில் பயிற்சி செய்யலாம்? தொப்பூர் கணவாய் ஏறிப் பழகலாமா? (அரூர் வாசகர்)

ப: தொப்பூர் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்காத லாரிகள் இறங்கும் இடம் அது. தவிர, லுவாருக்கு மலையேற்றப் பயிற்சி தேவையில்லை. தொடர்ந்து பல நாள் சீட்டில் உட்காரும் பழக்கம்தான் தேவை. அரூர்–தீர்த்தமலை சாலையில், இரண்டு பைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு, அடுத்தடுத்து மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் எங்கே வலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். உள்ளங்கை மரத்துப்போனால் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டை அரை செ.மீ. உயர்த்துங்கள், பின்பக்கம் வலித்தால் அதே அளவு இறக்குங்கள்.

ஆல்ப்ஸ் பக்கம் போகிறவர்கள் மட்டும் சித்தேரி மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகட்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட வேண்டும். தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டி காட்டுச் சாலை ஆசையைத் தூண்டும். ஆனால் அது யானை கடக்கும் இடம். நன்றாக வெயில் வந்த பிறகு போய், மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.